பதஞ்சலி எந்தத் தமிழில் கதைப்பாள்?

"புத்தகத்தை வாசிச்ச ஒருத்தனும் சீரியலை நல்லம் எண்டு சொல்லமாட்டான்."

போன கிழமை ஸ்கந்தபுரம் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சிநேகிதன் ஒருவன் இப்படித்தான் தொடங்கினான். நெட்ஃபிளிக்ஸில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' பார்த்து முடித்திருந்த மற்றவன் விடவில்லை. ஒரு மணித்தியாலம் சண்டை. எல்லாம் வழக்கமான கதைதான்: அந்த ஆளை வெட்டிப்போட்டாங்கள், இந்த இடத்தை மாத்திப்போட்டாங்கள், நான் நினைச்சு வச்ச முகம் இதில்லை.

எனக்கு இந்தச் சண்டை அலுத்துப்போய்விட்டது. நாவலில் இருந்ததெல்லாம் திரையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதில் என்ன கிடக்கு? ஒரு கதை எந்த மண்ணில், எந்தச் சனத்தின் வாயில் இருந்து வந்ததோ, அந்த மண்ணும் அந்தப் பேச்சும் திரைக்குக் கூடப் போகிறதா? நான் பார்ப்பது அதைத்தான்.

மார்க்வெஸ் உயிரோடு இருந்தவரை அந்த நாவலைப் படமாக்க உரிமை கொடுக்கவில்லை. 2014இல் அவர் இறந்தபிறகு குடும்பம் சம்மதித்தது. தொடரை ஸ்பானிய மொழியில், கொலம்பியாவிலேயே எடுத்தார்கள். 2024 டிசம்பரில் முதல் எட்டுப் பகுதிகளும் வந்தன. நான் நாவலை சுகுமாரன், ஞாலன் சுப்பிரமணியன் மொழிபெயர்ப்பில் தமிழில் வாசித்தவன். ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அந்தச் சனம் தங்கட வாயால் கதைக்கிறதைக் கேட்கேக்க, சப்டைட்டிலில் இல்லாத ஏதோ ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு ஆர்.கே. நாராயணைச் சொல்லலாம். அவருடைய 'கைட்' நாவலை 1965இல் ஹிந்திப் படமாக்கினபோது, தெற்கத்தைய சின்ன ஊரான மால்குடியை ராஜஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மனக்குறையை மனுசன் ஒரு கட்டுரையாகவே எழுதி வைத்தார். இருபது வருசம் கழித்து தூர்தர்ஷனுக்கு 'மால்குடி டேய்ஸ்' எடுத்த சங்கர் நாக், கர்நாடகாவின் ஆகும்பேக்குப் போய்த்தான் எடுத்தார். ஊர் தெற்குக்குத் திரும்பி வந்தது. பேச்சு மட்டும் ஹிந்தியிலேயே நின்றுவிட்டது.

தொலைக்காட்சிக்குப் போன நாவல் எல்லாம் கெட்டுப்போனது என்றும் சொல்ல ஏலாது. சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை'யில் குடியால் அழியும் தியாகுவாக ரகுவரன் நடித்ததைப் பார்த்தபிறகு நாவலைத் திறந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் ரகுவரனின் கண்தான் தெரிகிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா', நாகாவின் இயக்கத்தில் 'விடாது கருப்பு' ஆனது. பேரைச் சொன்னாலே குதிரைச் சத்தம் கேட்கிற ஆக்கள் எங்கட வீட்டிலும் இருக்கினம். ஆனால் பிறகு வந்த நாள்தொடர்களுக்கு நாவல் சரிவராது. நாவலுக்கு ஒரு முடிவு இருக்கும். நாள்தொடருக்கு முடிவு வந்தால் நட்டம்.

சரி, எங்கட பக்கம் வருவம். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் பிறேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் படமாக வந்தது. அதில் நடித்தவர்களில் கே.எஸ். பாலச்சந்திரனும் ஒருவர். அது சினிமா. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. இத்தனை வருசத்தில் ஒரு வன்னி நாவலையும் நான் தொடராகப் பார்த்ததில்லை. எங்கட வீட்டு ரீவியில் ஓடுறது எல்லாம் சென்னைத் தொடர்கள், இல்லாவிட்டால் ஹிந்தியில் இருந்து குரல் மாற்றினவை. இரவானால் அம்மம்மா அதுக்கு முன்னால் இருந்து எழும்பமாட்டா.

ஒருநாள் நாடக நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நான் போனில், நூலகம் இணையத்தளத்தில் இருந்து இறக்கின அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை வாசித்துக்கொண்டிருந்தேன். 1973இல் வந்த நாவல். எழுதினவர் முல்லைத்தீவுக்காரர், கதை நடப்பது தண்ணிமுறிப்பில். அம்மம்மா ஒட்டுசுட்டான் பக்கத்தில் பிறந்தவ, இடம்பெயர்ந்து இஞ்ச வந்து சேர்ந்தவ. சும்மா இருக்கிறாவே எண்டு சத்தமாய் வாசித்தேன். இரண்டு பக்கம் போகவில்லை, மறிச்சுப்போட்டா. "உப்பிடியில்லை, நீ பிழையாய் இழுக்கிறாய்" என்று கதிராமனின் பேச்சைத் தானே சொல்லிக் காட்டினா. பிறகு வேட்டை, தேன், குளம் திறந்துவிடுற நாள் எண்டு அவவின் கதை தொடங்கிவிட்டது. கரண்ட் வந்தது கூடத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரே யோசனை. இந்த நாவலை ஆராவது தொடராக எடுத்தால்?

முதலில் வருவது பயம்தான். பதஞ்சலிக்குப் புருவம் திருத்தி, கசங்காத சேலை கட்டி, காட்டுக் குடிசை வாசலில் நிப்பாட்டி, "என்னங்க, சாப்பிட வாங்க" என்று சொல்ல வைப்பார்கள். வன்னிப் பெட்டையின் வாயில் "இஞ்சேருங்கோ" வராத நிமிசத்திலேயே கதை செத்துவிடும். வெளியில் இருந்து வருகிற வாத்தியார் சுந்தரலிங்கத்தின் நிலைமை இன்னும் மோசம். நாவல் அவரை நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க அவசரப்படாது. அவருடைய மனம் தடுமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவிடும். ரீவியில் அவர் வந்து இறங்கின உடனேயே மூன்று தரம் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து இடி முழக்குவினம். பிறகு அந்த மனுசனை நாங்கள் எங்க விளங்கிக்கொள்றது?

இருந்தாலும் எனக்கு ஆசை இருக்கிறது. அம்மம்மா திருத்தின அந்த இழுவையை அச்செழுத்து எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் வன்னியில் பிறந்தவன், எனக்கே பிழைத்தது. அவவின் வயது ஆக்கள் போனபிறகு அந்த ஓசையை நாங்கள் எங்க போய்த் தேடுறது? நல்ல ஒலிப்பதிவோடு எட்டே எட்டுப் பகுதி, நடிக்கிறதுக்கு ஒட்டுசுட்டானில், முள்ளியவளையில் இருந்து ஆக்கள். அது போதும். பின்னணி இசையும் வேண்டாம், காடு தானே சத்தம் போடும்.

ஆனால் காடும் குளமும் வேணுமே. தண்ணிமுறிப்புச் சனம் 1984 டிசம்பரில் வெளியேற்றப்பட்டது. பல வருசங்களாக அங்கே குடியிருக்க ஆளில்லை. பக்கத்தில் குருந்தூர்மலைப் பிரச்சினை நீதிமன்றம் வரை போனது எல்லாருக்கும் தெரியும். பாலமனோகரன் எழுதுகிற காலத்தில் அது ஒரு சாதாரண காட்டுக் கிராமம். ஊர் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதியிருப்பார். அங்கே அப்போது அடுப்பு எரிந்தது, ஆக்கள் சண்டை பிடித்தார்கள், கலியாணம் கட்டினார்கள் என்று இப்போது ஒருவருக்குக் காட்டவேண்டுமென்றால் நான் இந்த நாவலைத்தான் எடுத்துக் கொடுப்பேன். மார்க்வெஸின் மகொந்தோ கற்பனை ஊர், கொலம்பியாவில் எங்கேயும் புதிதாய்க் கட்டலாம். தண்ணிமுறிப்பை வேற இடத்தில் கட்டி எடுத்தால், அது நாராயணின் மால்குடி ராஜஸ்தானுக்குப் போன கதைதான்.

இதையெல்லாம் அம்மம்மாவிடம் சொன்னேன். நாடகத்தில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

"எடுக்கிறது சரி, அங்க போய் எடுக்க விடுவாங்களோ?" என்று கேட்டா.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவ ரீவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சரி, விட்ட இடத்தில இருந்து வாசி" என்றா.