விரிவுரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆய்வேடுகள்

இந்தியச் செவிலியர் கல்லூரிகளின் நூலகங்களில் முதுநிலை ஆய்வேடுகள் அடுக்கப்பட்ட அலமாரியைத் திறப்பவருக்கு, ஒரே நூலைப் பலமுறை கையில் எடுப்பது போன்ற உணர்வு தோன்றும். தலைப்பில் நோய் மாறும், கருவி மாறும், ஊர் மாறும். மற்றவை மாறா. விரிவுரை முறைக்கு எதிராகக் காணொளி வழிக் கற்பித்தல். விரிவுரைக்கு எதிராகக் கருத்து வரைபடம். விரிவுரைக்கு எதிராகத் தலைகீழ் வகுப்பறை. மாணவியர் அறுபது பேர், இரண்டாகப் பிரித்தால் முப்பது முப்பது. முன்தேர்வு, ஒரு மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் அதே வினாத்தாளில் பின்தேர்வு. முடிவும் முன்பே தெரிந்ததுதான்: புதிய முறை வென்றது, பி மதிப்பு 0.001-க்கும் குறைவு.

விரிவுரை ஒருமுறையேனும் வென்றதாகச் சொல்லும் ஆய்வேட்டைக் காண்பது அரிது. எப்போதும் ஒரே தரப்பு தோற்கும் வழக்கில் ஐயப்பட வேண்டியது தோற்பவரை அன்று, நீதிமன்றத்தை.

முதல் குறை ஒப்பீட்டிலேயே இருக்கிறது. இந்த ஆய்வேடுகளில் ‘விரிவுரை’ என்று பெயர் பெறுவது பல இடங்களில் விரிவுரையே அன்று. ஆசிரியர் பழைய குறிப்பேட்டை வாசிக்க, மாணவியர் தலை நிமிராமல் எழுதிக்கொள்ளும் சொல்வதெழுதல் அது. நோயாளியின் கதையில் தொடங்கி, கேள்வி எழுப்பி, விடைக்குக் காத்திருந்து நடத்தப்படும் நல்ல விரிவுரையோடு காணொளி மோதவிடப்படுவதில்லை. மேலும், புதிய முறையைக் கற்பிப்பவர் ஆய்வாளரே. பாடத்தைத் தயாரித்தவரும் அவரே. வினாத்தாளை இயற்றியவரும் மதிப்பெண் இட்டவரும் அவரே. பட்டம் வேண்டி உழைக்கும் ஒருவரின் ஆர்வமும், அன்றாடப் பணிச்சுமையில் களைத்த ஓர் ஆசிரியரின் சலிப்பும் ஒப்பிடப்படுகின்றன. வேறுபாட்டுக்குரிய புகழ் முழுவதும் காணொளிக்குப் போகிறது. ஊடகம் வேறு, கற்பிக்கும் முறை வேறு, கற்றலை உண்டாக்குவது முறையே என்று ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே வாதிட்டார்.

இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. கட்டுப்பாட்டுக் குழுவே இல்லாமல், ஒரே குழுவுக்கு முன்னும் பின்னும் தேர்வு வைக்கும் ஆய்வேடுகளும் ஏராளம். இவ்வடிவமைப்பின் ஓட்டைகளை கேம்ப்பெல், ஸ்டான்லி இருவரும் 1963-இல் வரிசைப்படுத்திவிட்டனர். முன்தேர்வே மாணவியருக்குப் பாடமாகிவிடும். இடைப்பட்ட நாள்களில் அவர்கள் வேறு வழியிலும் கற்பார்கள். இத்தகைய ஆய்வின் முடிவு சொல்வது ஒன்றுதான்: எதையேனும் கற்பித்தால், எதையும் கற்பிக்காததைவிட மதிப்பெண் கூடும். இதை நிறுவ புள்ளியியல் தேவையில்லை.

மூன்றாவது, எதை அளக்கிறார்கள் என்பது. ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாக வகுத்தார்: அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டுதல், பணியிடத்தில் செய்தல். ஆய்வேடுகள் பெரும்பாலும் முதற்படியைத் தாண்டுவதில்லை. 500 மில்லி திரவத்தை 8 மணி நேரத்தில் செலுத்த வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? தாளில் 21 என்று குறிக்கும் மாணவிக்கு முழு மதிப்பெண். இரவு இரண்டு மணிக்கு, மங்கிய வெளிச்சத்தில், பக்கத்துப் படுக்கையில் ஒருவர் மூச்சுத் திணறும்போது, அதே மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணிச் சரிசெய்வாளா? நோயாளியின் உயிர் தொங்குவது இந்தக் கேள்வியில். இதைக் கேட்ட ஆய்வேடு எத்தனை?

இங்கே ஒரு மறுப்பு எழும்: பங்கேற்றுக் கற்கும் முறைகள் மேலானவை என்று உலகளாவிய சான்று இருக்கிறதே? இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்த ஃப்ரீமன் குழுவினரின் 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை, விரிவுரை மட்டும் நடக்கும் வகுப்புகளில் தோல்வி விகிதம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று காட்டியது. அப்படியானால் அதே கேள்வியை முப்பது முப்பது பேரை வைத்து மீண்டும் கேட்பதில் என்ன பயன்? கேட்கப்பட வேண்டியது வேறு: எந்தத் திறனுக்கு, எந்த மாணவியருக்கு, எத்தனை பேர் கொண்ட வகுப்பில், எந்த மொழியில் எந்த முறை உதவுகிறது?

மொழி என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெங்களூருவின் கல்லூரிகளில் கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் படிக்கிறார்கள். பாடநூல் ஆங்கிலத்தில், விடுதிப் பேச்சு தாய்மொழியில், நோயாளியின் வலி கன்னடத்தில். ‘எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து’ என்று கேட்கத் தெரியாத மாணவிக்குக் காணொளியா விரிவுரையா என்ற பட்டிமன்றம் எதற்கு?

இந்த ஒப்பீடுகள் தீங்கற்ற சடங்குகள் என்று கருதிவிடவும் முடியாது. சிக்கல் கற்பிக்கும் முறையில்தான் இருக்கிறது என்ற தோற்றத்தை அவை உண்டாக்குகின்றன. பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் விதி. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் நிறைவேறும் கல்லூரிகளில் அந்த விதிக்கு என்ன பொருள்? வார்டில் மாணவியர் கற்பவர்களாக நிற்கிறார்களா, ஊதியமில்லாப் பணியாளர்களாகவா? இவற்றைக் கேட்டால் நிர்வாகம் முகம் சுளிக்கும். காணொளியைப் பற்றிக் கேட்டால் யார் மனமும் புண்படாது. அந்தப் பாதுகாப்பே இத்தலைப்புகளின் வற்றாத ஊற்று.

2021-இல் அறிவிக்கையான புதிய பி.எஸ்சி. பாடத்திட்டம் பருவமுறையையும், திறன் சார்ந்த கல்வியையும், உருவகப் பயிற்சியையும் கொண்டுவந்தது. 2023-இல் 157 புதிய அரசுச் செவிலியர் கல்லூரிகளுக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கல்லூரி பெருகும் காலத்தில் சான்றின் தேவையும் பெருகும். அமெரிக்காவில் 10 கல்வி நிறுவனங்களில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை உருவகப் பயிற்சியால் ஈடுசெய்தாலும் திறன் குறையவில்லை என்றது. ஆனால் அங்கே பயிற்றுநர்கள் முறையாகப் பயிற்சி பெற்றிருந்தார்கள். ஒவ்வொரு அமர்வின் பின்னும் கலந்துரையாடல் நடந்தது. மாணவர்கள் பணியில் சேர்ந்த ஆறு மாதம் வரை பின்தொடரப்பட்டார்கள். பொம்மையை வாங்கிப் பூட்டிவைத்துவிட்டு அம்முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது அறிவுநேர்மை ஆகாது.

‘ஆய்வு செய்யப் பழகத்தானே இந்த ஆய்வேடு’ என்பது வழிகாட்டிகளின் கடைசி அரண். பழக்கம் என்பதாலேயே ஆபத்து அதிகம். விடை தெரிந்த கேள்வியைக் கேட்கவும், எதிர்மறை முடிவுக்கு அஞ்சவும் பழகிய மாணவி நாளை வழிகாட்டியாவாள். அவளிடம் பயில்வோருக்கும் அதே அச்சம் சென்று சேரும்.

மாற்று எட்டாத தொலைவில் இல்லை. ஐந்து கல்லூரிகளின் மாணவியர் ஒரே கேள்வியைப் பகிர்ந்து ஆராயலாம். இரு குழுவுக்கும் ஒரே நேர அளவும், ஒரே அளவு தயாரிப்பும் கொடுக்கலாம். ஹார்டன் 1975-இல் முன்வைத்த நிலையவாரிச் செய்முறைத் தேர்வை, எந்த மாணவி எந்தக் குழு என்றறியாத தேர்வாளரைக் கொண்டு நடத்தலாம். ஏழாம் நாளோடு நிறுத்தாமல் மூன்றாம் மாதமும் அளக்கலாம். வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கும் பட்டம் உண்டு என்று பல்கலைக்கழகம் எழுதித் தரலாம்.

அடுத்த ஆய்வுமுன்மொழிவு மேசைக்கு வரும்போது வழிகாட்டியும் நெறிமுறைக் குழுவும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இதன் விடை எதுவானாலும் வார்டில் எது மாறும்? எதுவும் மாறாது என்றால், அறுபது மாணவியரின் நேரத்தை எடுத்துக்கொள்ள அந்த ஆய்வுக்கு உரிமை இல்லை.