வயலுக்கு வந்த ஆராய்ச்சி வகுப்பறைக்கு வராதது ஏன்?

நெல்லைப் பற்றிய ஆராய்ச்சி நம் வயல்வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளையின் மொழியைப் பற்றிய ஆராய்ச்சி நம் வீட்டுப் படலையைக்கூட எட்டவில்லை. இதற்குக் காரணம் யாது? கமக்காரரும் கற்றோரும் ஒருங்கே கேட்கவேண்டிய கேள்வி இது.

பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நெல்லினம் உருவானால், அதனைக் கமக்காரருக்கு அறிமுகப்படுத்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர் இருக்கிறார். மாதிரித் துண்டத்தில் விளைவித்துக் காட்டுகிறார். “பயிர் காற்றுக்குச் சாய்கிறது, சோறு சுவையில்லை” என்று கமக்காரர் கூறும் குறையும் ஆராய்ச்சியாளரிடம் திரும்பிச் செல்ல ஒரு வழி உண்டு. பிள்ளைகளின் எழுத்தறிவு பற்றிய ஆராய்ச்சிக்கோ அத்தகைய போதனாசிரியரும் இல்லை. மாதிரித் துண்டமும் இல்லை. பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடு நூலகத் தட்டிலேயே உறங்குகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முதியோர் வாக்கன்றோ!

அந்த ஏடுகளில் நமக்கு வேண்டிய செய்தி இல்லையா? நிறைய உண்டு. இரண்டினை மட்டும் இங்கே எடுத்துக் காட்டுவோம்.

தமிழில் 247 எழுத்துக்கள். “கொ” என்னும் எழுத்தைப் பாருங்கள்: வாயில் முதலில் பிறப்பது மெய்யொலி; தாளில் முன்னே நிற்பதோ உயிர்க்குறி; அக்குறியின் மற்றப் பாதி பின்னே நிற்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது எளிய வேலையன்று. நம் எழுத்தோடு உறவுடைய கன்னட எழுத்தைப் பிள்ளைகள் கற்கும் முறையை ஆராய்ந்த சொனாலி நாக், 2007இல் வெளியிட்ட கட்டுரையில், எழுத்துக்கள் முழுவதும் வசமாக நான்காம் வகுப்புவரை செல்லக்கூடும் எனக் காட்டினார். அவ்வாறாயின், முதலாம் தரத்திலேயே நெடுங்கணக்கை முடிக்காத பிள்ளையை “மொக்கு” என்று பின்வாங்கில் இருத்துவது எவ்வளவு பெரிய அநீதி!

இரண்டாவது, பேச்சுக்கும் ஏட்டுக்குமுள்ள இடைவெளி. பிள்ளை வீட்டில் “வாறன்” என்கிறது. புத்தகம் “வருகிறேன்” என்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும், மட்டக்களப்புப் பிள்ளைக்கும், மலையகத் தோட்டத்துப் பிள்ளைக்கும் வீட்டுப் பேச்சு வெவ்வேறு, புத்தகமோ ஒன்றே. இத்தகைய இரட்டை வழக்கை 1959இலேயே சார்ள்ஸ் பேர்குசன் என்னும் மொழியியலாளர் விளக்கிவிட்டார். அராபு மொழிக்கும் இதே இடர் உண்டு. முன்பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு ஏட்டு அராபியில் கதைகளை வாசித்துக் காட்டியபோது, கேட்டுப் பொருளுணரும் ஆற்றல் அவர்களிடம் வளர்ந்ததை 1993இல் வெளியான ஓர் ஆய்வு நிறுவியது. இது நமக்குப் புதுமையா? கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணத்தை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, மடியிலிருந்த பிள்ளையின் செவியில் செந்தமிழ் விழுந்ததே! நம் முன்னோர் வழக்கமாகச் செய்ததைத்தான் ஆராய்ச்சி இன்று அளந்து சொல்கிறது.

ஆராய்ச்சியும் ஊரும் கைகோத்தால் விளையும் பயனைத் தமிழகத்தில் காணலாம். பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபின், 2021இல் அங்கு “இல்லம் தேடிக் கல்வி” தொடங்கியது. ஊர்த் தொண்டர்கள் மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். ஏறக்குறைய 19,000 கிராமப் பிள்ளைகளை ஆராய்ந்தோர் கண்டது இது: பாடசாலைகள் திறந்து ஆறு மாதங்களுக்குள், இழந்த கல்வியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது; அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புக்களால் விளைந்தது. பேராசிரியரின் அளவுகோலும் ஊரவரின் உழைப்பும் சேர்ந்திராவிடின் இந்த உண்மை வெளிப்பட்டிராது.

நாம் என் செய்கிறோம்? தரம் ஐந்துப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகத் தனியார் வகுப்புக்களுக்குப் பணத்தை வாரி இறைக்கிறோம். மூன்றாம் தரத்தில் ஒரு பந்தியை வாசிக்க முடியாமல் தலைகுனிந்திருக்கும் பிள்ளையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. கதிர் விளையவில்லையே என்று அறுவடைநாளில் அழுவதால் ஆவதென்ன? நாற்று வாடியபோதன்றோ நீர் பாய்ச்சியிருக்கவேண்டும்!

ஆகவே மூன்று காரியங்களைக் கோருவோம். முதலாவது, நம் பிரதேசப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளின் மொழியைப் பற்றி எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வின் சாரமும் எளிய தமிழில் இரண்டு பக்கங்களில் அச்சாகி, பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கு வரட்டும். இரண்டாவது, எதனை ஆராயவேண்டும் என்பதில் பெற்றோரும் ஆசிரியரும் தம் குரலை எழுப்பட்டும். மூன்றாவது, சனசமூக நிலையங்கள் தோறும் மாலையில் அரைமணி நேரம் சிறுவருக்குக் கதை வாசிக்கப்படட்டும். இதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டியதில்லை; உத்தியோகத்தில் இளைப்பாறிய ஓர் ஆசிரியரும் சில புத்தகங்களும் போதும்.

1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கு எது தேவை என ஆராய்ந்து படிமுறையாகப் பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டார். ஆராய்ச்சியும் தொண்டும் அவரிடத்தில் இருவேறாக நிற்கவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும், அம்மொழியில் வந்த கடிதத்தை வாசிக்கவியலாத பிள்ளைக்கு அச்சட்டத்தால் என்ன பயன்? சட்டத்தில் எழுதிய உரிமை பிள்ளையின் நாவில் ஏறும்வரை நம் கடமை முடிந்ததாகாது.