சிறிய பணப்பையும் முதற் கமராவும்

சென்ற ஆண்டு, நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழா முடிந்து சில நாட்கள் கழிந்திருந்தன. நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குத் திரும்பும் படகிலே என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். தீவிலே பிறந்து வளர்ந்தவன். இப்பொழுது யாழ்ப்பாணத்தில் மேற்படிப்புப் படிக்கிறான். நலம் விசாரித்தபின் சிறிது தயங்கினான்.

“ஐயா, டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்று வாங்க யோசிக்கிறேன். புதிதாக வாங்கக் கையிலுள்ள பணம் போதாது. அம்மா தன் காப்பை அடைவு வைத்துத் தருகிறேன் என்கிறா. எந்தக் கமரா நல்லது?”

“கமரா எதற்குத் தம்பி?” என்றேன்.

“எங்கள் வீட்டில் அப்பப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை, ஐயா. இடம்பெயர்ந்த நாட்களில் எல்லாம் போய்விட்டன. அப்பாச்சிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவவையும் ஊரிலுள்ள மற்ற முதியவர்களையும் ஒழுங்காகப் படம் பிடித்து வைக்க வேண்டும்.”

அவன் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அதற்காகத் தாயின் காப்பு அடைவு கடைக்குப் போகவேண்டியதில்லை. படகில் அவனுக்குச் சொன்னவற்றையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன். முதற் கமரா வாங்க நினைக்கும் மாணவர்க்கும், அதற்குப் பணம் கொடுக்கப்போகும் பெற்றோர்க்கும் இவை பயன்படக்கூடும்.

டி.எஸ்.எல்.ஆர். என்பது யாது? படத்தை எடுக்கும் அதே வில்லையின் வழியாகவே நம் கண்ணும் பார்க்கும்படி அமைந்த கமரா அது. வில்லைக்குப் பின்னே சாய்வாக ஒரு கண்ணாடி நின்று, வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும், ஒளி உள்ளே உள்ள உணரியில் விழும், படம் பதிவாகும். இவ்வகைக் கமராக்களில் சாதாரணமாகக் காணப்படும் உணரி ஏறத்தாழ 23 மில்லிமீற்றர் அகலமும் 15 மில்லிமீற்றர் உயரமும் உள்ளது. கைத்தொலைபேசியின் உணரியைவிட இது பன்மடங்கு பெரியது. நல்ல வெயிலில் கைத்தொலைபேசியே போதும். மங்கலான வீட்டுத் திண்ணையிலும் விளக்கொளியிலுமே இந்தப் பெரிய உணரியின் அருமை தெரியும்.

2003ஆம் ஆண்டிலே கனொன் நிறுவனத்தின் 300டி என்னும் கமரா 1,000 அமெரிக்க டொலருக்குக் குறைந்த விலையில் வந்தது. அதன் பின்னரே இவ்வகைக் கமரா சாதாரண மக்களின் கைக்கு எட்டத் தொடங்கியது. இன்றோ பெரிய நிறுவனங்கள் கண்ணாடி இல்லாத புதுவகைக் கமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. பலர் அவற்றை வாங்கிப் பழையவற்றை விற்கின்றனர். 2022இல் நமது ரூபாயின் பெறுமதி சரிந்தபின், புதிய கமராவின் விலை நம்மவரைத் திகைக்க வைக்கிறது. ஆகையால் பிறர் பாவித்த நல்ல டி.எஸ்.எல்.ஆர். ஒன்றைத் தேடுவதே சிறிய பணப்பைக்கு ஏற்ற வழியாகும்.

“பழையதில் மெகாபிக்சல் குறைவாக இருக்குமே?” என்று மாணவன் கேட்டான். கணக்கைப் பாருங்கள். 8 அங்குலத்துக்கு 10 அங்குலமான படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சிட, 2,400ஐ 3,000ஆல் பெருக்கிவரும் 72 இலட்சம் புள்ளிகள் போதும். 2018இல் வந்த நிக்கொன் டி3500, கனொன் 1500டி ஆகியவை தருவன ஏறத்தாழ 240 இலட்சம். சுவரில் மாட்டும் குடும்பப் படத்துக்கு அது தேவைக்கு மிகுதி. இலக்கத்தைப் பெருக்குவதற்காகப் பணத்தைச் செலவிடுவது வீண்.

பணம் செல்லவேண்டிய இடம் வில்லை. கமராவுடன் வழக்கமாகக் கிடைப்பது 18–55 மில்லிமீற்றர் வில்லை. அதனைப் பழிக்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள அது நல்லது. ஆயினும் அதன் 55 மில்லிமீற்றர் முனையில் திறப்பு எஃப் 5.6 மட்டுமே. எஃப் 1.8 திறப்புள்ள 50 மில்லிமீற்றர் வில்லையோ அதைப்போல் ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். முதியவர் ஒருவரை வெளிச்சம் குறைந்த அறையில், முகத்தில் மின்னல் ஒளியைப் பாய்ச்சாமல் படமெடுக்க இதுவே உற்ற துணை. வில்லைகளுள் விலை குறைந்தவற்றில் இதுவும் ஒன்று. ஓர் எச்சரிக்கை: நிக்கொன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் குவியம் பார்க்கும் மோட்டார் இல்லை. ஆகவே “டி” என்று முடியும் பழைய 50 மில்லிமீற்றர் வில்லை அவற்றில் தானாகக் குவியாது. “ஜி” என்று முடிவதை வாங்கவேண்டும்.

இனிப் பங்கீடு. நயினாதீவுக் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. ஆனையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; வணிகச் சரக்குக் கப்பலாயின் செம்பாதி என்று அது விதிக்கிறது. உடைந்த கப்பலுக்கே ஒழுங்கான பங்கீடு இருக்கையில், நம் சிறு சேமிப்புக்கு ஒன்று வேண்டாமா? கையில் உள்ளதில் பாதியைக் கமராவுக்கும் அதனோடு வரும் வில்லைக்கும் வையுங்கள். காற்பங்கை 50 மில்லிமீற்றர் வில்லைக்கு வையுங்கள். எஞ்சிய காற்பங்கு முக்காலிக்கும், மேலதிக பற்றரிக்கும், நினைவட்டைக்கும், பைக்கும் உரியது. முழுப்பணத்தையும் கமராவிலேயே போட்டுவிட்டு முக்காலிக்கு வழியின்றி நிற்பவர் பலர்.

பாவித்த கமராவைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கற்க. எத்தனை படம் எடுத்தது என்று கேளுங்கள். இவ்வகைக் கமராக்களின் ஷட்டர் ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை இயங்கும் என்று கணிப்பர். வில்லையின் ஒருபுறம் கைவிளக்கைப் பிடித்து மறுபுறம் பாருங்கள். சிலந்திவலைபோல் நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். திறப்பை எஃப் 16இல் வைத்து வெறும் வானத்தைப் படமெடுங்கள். உணரியில் படிந்த தூசு கரும்புள்ளிகளாகத் தோன்றும். பற்றரி வைக்கும் இடத்தில் பச்சை படிந்திருந்தால் உப்புக்காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று அறிக.

உப்புக்காற்று தீவுப்பகுதியாருக்குப் பெரும் பகை. படகில் செல்கையில் கமராவைப் பையைவிட்டு வெளியே எடுத்தல் ஆகாது. அங்கு வில்லையை மாற்றுதல் அறவே ஆகாது. வீடு திரும்பியதும் சிறிது ஈரமான துணியால் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் மூடிய பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, அதற்கு விலையில்லை. தேய்ந்த கல்வெட்டை நேர் வெளிச்சத்தில் படமெடுத்தால் வெறுங்கல்லே தெரியும். விளக்கைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்தால் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழும். எழுத்து எழுந்து நிற்கும். முதுமை எழுதிய முகமும் அவ்வாறே. உச்சி வெயிலில் நிறுத்தாமல், சாளரத்துக்குப் பக்கத்தில் அமரச் செய்யுங்கள். காலையொளி ஒரு கன்னத்தில் விழட்டும். கோயிலிலோ பிறர் வீட்டிலோ படமெடுக்குமுன் அனுமதி கேட்க மறவாதீர்.

எடுத்ததைக் கமராவுக்குள் உறங்கவும் விடாதீர். அச்சிட்டு வீட்டில் ஒரு பிரதி, உறவினர் வீட்டில் ஒரு பிரதி என வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு, ஒரே இடத்தில் எதையும் வைப்பதன் ஆபத்தை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாணவன் சில மாதங்கள் பணம் சேர்த்தான். பாவித்த கமரா ஒன்றையும், பின்னர் 50 மில்லிமீற்றர் வில்லையையும் வாங்கினான். தைப்பொங்கல் கழிந்தபின் ஒருநாள் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். சாளரத்தருகே அப்பாச்சி அமர்ந்திருக்கிறார்; முகத்தின் ஒவ்வொரு கோடும் தெளிவாக இருக்கிறது. அவர் தோளைப் பற்றியபடி அவனுடைய தாயாரின் கை தெரிகிறது. அந்தக் கையிலே காப்பு இருக்கிறது.