வண்டியில் போனவர் வீடு திரும்ப வேண்டும்



பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்பும் தாய் எதிரியின் துப்பாக்கியை நினைத்துத்தான் பயப்படுவாள். அவன் ஏறிப்போகும் வண்டியை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. அந்த வண்டி உயிரைக் காக்கவும் செய்யும், பறிக்கவும் செய்யும். இம்முறை அதைப் பற்றிப் பேசுவோம்.

போர்க்களத்தில் வண்டிக்கு எமன் கண்ணிவெடிதான். மண்ணில் புதைத்த வெடிமேல் சக்கரம் ஏறினால் போதும், கீழிருந்து வெடித்துக் கிளம்பும். பழைய ராணுவ லோரிகளின் அடிப்பாகம் தட்டையானது. வெடியின் வேகம் முழுவதையும் அதுவே வாங்கி, உள்ளே இருப்பவரின் கால்களிலும் முதுகெலும்பிலும் இறக்கிவிடும். வியட்நாம் போரில் வீரர்கள் வண்டித் தரையில் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தார்கள். கவச வண்டிக்குள் இருக்கப் பயந்து அதன் கூரைமேல் உட்கார்ந்து போனவர்களும் உண்டு.

1970களில் தென்னாப்பிரிக்காவிலும் அன்றைய ரொடீசியாவிலும் இதற்கு நல்ல வழி கண்டார்கள். நம் லயத்துக் கூரை சரிவாக இருப்பதால்தானே மழைநீர் இரு பக்கமும் வழிந்தோடுகிறது? அந்தக் கூரையைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல வண்டியின் அடிப்பாகத்தை அமைத்தார்கள். கீழே வெடித்தால் அதன் வேகம் இரு பக்கமும் சிதறிப்போகும். வண்டியையும் தரையிலிருந்து உயர்த்தினார்கள். பின்னாளில் வந்த வண்டிகளில் இருக்கைகளைத் தரையில் பொருத்தாமல் சுவரிலும் கூரையிலும் தொங்கவிட்டார்கள். தரை அதிர்ந்தாலும் முதுகெலும்பு தப்பியது.

இது தெரிந்த பிறகும், 2003இல் ஈராக்கில் நுழைந்த அமெரிக்கப் படை தட்டை அடிப்பாகம் கொண்ட ஹம்வீ வண்டிகளையே பெரிதும் நம்பியிருந்தது. சாலையோர வெடிகளில் பலர் மாண்டார்கள். 2007இல்தான் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் சரிவு அடிப்பாக வண்டிகளை வாங்குவதே முதல் வேலை என்று உத்தரவிட்டார். இருபதாயிரத்துக்கும் அதிகமான வண்டிகள் வந்தன.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. உயரமும் கனமும் கூடிய வண்டி எளிதில் கவிழும். வாய்க்கால் கரை சரிந்து வண்டி உருண்டால், உள்ளே இருப்பவர்கள் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான். அதற்காகவே வண்டிக் கூடு ஒன்றைச் சுழலவிட்டு, வார் அவிழ்த்து வெளியே வரப் பழக்கினார்கள்.

போரே இல்லாத இடத்திலும் சாவு வருகிறது. 2010 முதல் 2019 வரை அமெரிக்கத் தரைப்படையிலும் மரீன் படையிலும் எதிரி தாக்காமலே 3,753 வாகன விபத்துகள் நடந்தன. 123 பேர் இறந்தனர். பாதிக்கும் மேற்பட்ட சாவுகள் வண்டி கவிழ்ந்ததால் வந்தவை. ஓட்டுநரின் கவனக்குறைவு, மேற்பார்வைக் குறைவு, பயிற்சிக் குறைவு ஆகியவை முக்கியக் காரணங்கள் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2021இல் சொன்னது.

நம் நாட்டிலும் பார்த்துவிட்டோம். 2025 மே 13ஆம் தேதி, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றுவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் லோரி, கல் ஏற்றிவந்த லோரியுடன் மோதியது. ஒன்பது போலீசார் மாண்டார்கள். நாம் சாமி கும்பிடக் காவல் நின்றவர்கள் அவர்கள்.

வாசகர்களே, கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த ராணுவ வண்டி சொல்லும் பாடம் வேலைக்காட்டு லோரிக்கும் பொருந்தும். உட்கார உறுதியான இடம் வேண்டும். வார் இருந்தால் மாட்டிக்கொள்ள வேண்டும். லோரியின் பக்கப் பலகைமேல் உட்காராதீர்கள். உளியையும் அரிவாளையும் உரமூட்டையையும் ஆட்களோடு சேர்த்து ஏற்றவிடாதீர்கள். வண்டி குலுங்கினால் அவையே ஆயுதமாகும். பிரேக்கும் டயரும் எப்போது பார்த்தார்கள் என்று மேற்பார்வையாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஒருவராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். கேட்பதில் தப்பேதும் இல்லை. வீட்டில் உங்களுக்காக உலை வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.