ஐந்து ரூபாய் நோட்டின் மறுபக்கம்

ஐந்து ரூபாய் நோட்டு இப்போது கைக்கு வருவது அபூர்வம். வந்தால் அதன் பின்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பச்சை மையில் ஒரு வயல், எழுந்துவரும் சூரியன், டிராக்டர் ஓட்டும் விவசாயி. இந்தியாவில் இதைவிட அதிகம் பேர் கைபட்ட டிராக்டர் ஓவியம் வேறு இருக்க முடியாது. அரிசிக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் கோயில் உண்டியலுக்கும் போய் வந்த ஓவியம். ஆனாலும் அது ஓர் ஓவியம் என்பது யார் நினைவிலும் தங்கியதில்லை.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடா வரை சென்று, இடப்புறம் காளஹஸ்தி சாலையில் திரும்பினால் வருகிற ஊர் வரதய்யபாளையம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், அதன்பின் திருப்பதி மாவட்டம். தெலுங்கும் தமிழும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசும் எல்லைப் பகுதி. மேற்கே மலைகள், சுற்றிலும் ஏரிப் பாசன நெல் வயல்கள், மேட்டு நிலத்தில் வேர்க்கடலை. நடவுக் காலத்தில் காலையில் கண்ணில் படுகிற முதல் வாகனம், இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்கும் டிராக்டராகத்தான் இருக்கும்.

இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடப் பையனிடம் காகிதத்தைக் கொடுத்து ஏதாவது வரையச் சொன்னால் என்ன வரைவான்? நாடு முழுவதும் உள்ள பையன்கள் வரைவதைத்தான். இரண்டு மலை, நடுவே சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. மிஞ்சினால் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போல நான்கு பறவைகள். வீட்டு வாசலில் நிற்கும் டிராக்டர் படத்துக்குள் வராது. ‘இயற்கைக் காட்சி’யில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று யாரோ, எப்போதோ, எல்லா ஓவிய வகுப்புகளுக்கும் சொல்லிவிட்டார்கள்.

பொழுதுபோக்காக வரையக் கற்க நினைப்பவருக்கு டிராக்டரைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. காரணம் எளிது. மலையைத் தப்பாக வரைந்தால் எவரும் கண்டுபிடிக்க முடியாது. வரதய்யபாளையத்தில் டிராக்டரைத் தப்பாக வரைந்தால் டீ குடிக்க வந்த டிரைவர் எட்டிப் பார்த்து, “டயரைத் திருப்பி மாட்டியிருக்கே” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

அந்த டயர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். பின் சக்கரத்து ரப்பர் கட்டைகள் சாய்ந்து சாய்ந்து நடுவில் கூடுகின்றன. அந்தக் கூர்முனைதான் முதலில் மண்ணைத் தொடவேண்டும். அப்போதுதான் அப்பிய சேறு இரு பக்கமும் பிதுங்கி விழும், சக்கரம் வழுக்காது. ஆகவே டிராக்டரை முன்னாலிருந்து பார்ப்பவருக்குப் பின் டயரின் கட்டைகள் கூர்முனை கீழே இருக்கும்படி தெரியும். பின்னாலிருந்து பார்ப்பவருக்குக் கூரை போல, முனை மேலே தெரியும். புதிதாக வரைபவர்கள் பத்தில் ஐந்து தடவை இதை மாற்றிப் போட்டுவிடுவார்கள். முன் டயருக்கு இந்தக் கட்டைகளே கிடையாது. சுற்றிவர இரண்டு மூன்று நீளக் கோடுகள்தான். அதன் வேலை இழுப்பதல்ல, திரும்புவது.

அடுத்தது அளவு. 35 குதிரைத்திறன் வண்டிகள் பலவற்றில் முன் டயர் 6.00-16, பின் டயர் 13.6-28 என்று பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். டயரோடு சேர்த்தால் முன் சக்கரம் சுமார் இரண்டே கால், இரண்டரை அடி உயரம். பின் சக்கரம் நாலேகால் அடி. அதாவது இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இந்த ஒரு விகிதம் கையில் படிந்துவிட்டால் பாதி டிராக்டர் வந்துவிட்டது. பென்சிலை நீட்டிய கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் அளக்கும் பழைய முறை இதற்குப் போதும்.

பக்கவாட்டில் நிற்கும் வண்டியை ஒரு மாதம் வரைந்த பிறகுதான் மூலையிலிருந்து பார்க்கும் கோணத்துக்குப் போகவேண்டும். அங்கேதான் பலர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வட்டமான சக்கரம் நீள்வட்டமாகிறது. அது கையில் முட்டையாகவோ, இரு முனையும் கூர்மையான மாவிலையாகவோ வந்து விழுகிறது. ஓர் எவர்சில்வர் தட்டைக் கண்ணுக்கு நேரே செங்குத்தாகப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். எவ்வளவு திருப்பினாலும் ஓரம் கூர்மையாவதில்லை, வளைந்தேதான் திரும்புகிறது. இன்னொன்று: நீள்வட்டம் எந்தத் திசையில் ஒடுங்கியிருக்கிறதோ, சக்கரத்தின் அச்சு அந்தத் திசையில்தான் போகவேண்டும். இது தவறினால் சக்கரம் கழன்று விழப்போவது போலத் தெரியும்.

உடம்பு விஷயத்தில் கார் வரைந்து பழகிய கை ஏமாறும். பெரும்பாலான டிராக்டர்களுக்குத் தனியாக சேசிஸ் இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சுக் கூடு ஆகிய மூன்று இரும்பு வார்ப்புகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு முறுக்கியதுதான் அதன் முதுகெலும்பு. டிரைவர் அதற்குள் உட்காருவதில்லை, எருமை மேல் உட்காருவது போலக் கியர்பாக்ஸின் இரு பக்கமும் காலைப் போட்டு அமர்கிறார். முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் தொங்குகிறது. அதனால் ஒரு முன் சக்கரம் வரப்பின் மேல் ஏறினாலும் உடம்பு சாயாமல் அச்சு மட்டும் சாயும். இதைக் கவனித்து வரைந்தால் டிராக்டர் நிற்பது வயலில் என்று தெரியும். கவனிக்காமல் வரைந்தால் அது ஷோரூமில்தான் நிற்கும்.

நிறம் தனிக் கதை. இந்தியாவில் டிராக்டர் தயாரிப்பு 1959-ல் ஃபரிதாபாதில் ஐஷர் நிறுவனத்தோடு தொடங்கியது. அடுத்து சென்னையில் டாஃபே, மாஸே ஃபெர்குசன் கூட்டுறவோடு வந்தது. 1963-ல் மஹிந்திரா. 1974-ல் துர்காபூர் ஆய்வுக்கூடத்தில் உருவான உள்நாட்டு வடிவமைப்போடு பஞ்சாபின் ஸ்வராஜ். இன்று உலகில் மிக அதிகம் டிராக்டர் விற்கும் நாடு இந்தியா. 2022-23-ல் மட்டும் 9 லட்சத்துக்கும் மேல். கிராமத்துப் பையன்கள் வண்டியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். நீலம் என்றால் ஃபோர்டு, பின்னாளில் சோனாலிகா, நியூ ஹாலண்ட். பச்சை உடம்பும் மஞ்சள் சக்கரமும் ஜான் டீர். மாஸே ஃபெர்குசனில் தகடு சிவப்பு, எஞ்சின் சாம்பல். ஹாரி ஃபெர்குசனின் பழைய டிராக்டர் முழுக்கச் சாம்பல் நிறம், மாஸே-ஹாரிஸ் வண்டி சிவப்பு. 1953-ல் இரு கம்பெனிகளும் இணைந்தன, பின்னர் நிறங்களும் சம்பந்தம் செய்துகொண்டன.

ஆனால் போஸ்டர் கலர் பாட்டிலில் உள்ள சிவப்பை அப்படியே பூசினால் அது பொம்மை டிராக்டர். நாலைந்து கோடை கண்ட பானெட்டின் மேற்புறம் வெளிறி ஆரஞ்சுக்குப் போயிருக்கும், பக்கவாட்டில் மட்டும் பழைய சிவப்பு மிச்சமிருக்கும். நிழல் காட்டக் கறுப்பைக் கலந்தால் சிவப்பு அழுக்காகிவிடும். துளி பச்சை கலந்தால் அடங்கும். டயரும் கறுப்பல்ல, உலர்ந்த சேற்றின் சாம்பல். எல்லாம் முடிந்தபின் சக்கரத்திலும் மட்கார்டிலும் மண்ணின் நிறத்தை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு. புழுதி இல்லாத டிராக்டரை இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள வரதய்யபாளையத்துக்காரர் தூரம் போகவேண்டியதில்லை. அதே சாலையில் நேராகப் போனால் காளஹஸ்தி. கோயிலுக்கு அடுத்தபடியாக அந்த ஊரின் புகழ் கலம்காரி. மூங்கில் குச்சியில் துணியும் நூலும் சுற்றிய பேனாவால் ராமாயணத்தையும் பாரதத்தையும் துணியில் வரையும் கலை. அழிந்துகொண்டிருந்த அதை மீட்க 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயா முயற்சி எடுத்தார், பயிற்சி மையம் பிறந்தது. அந்த மரபில் வந்த குரப்பச் செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். புளியங்குச்சியைக் கரியாக்கி முதல் உருவத்தைப் போடுவார்கள். பிறகு கறுப்புக் கோடு. அந்தக் கறுப்பு எதிலிருந்து வருகிறது தெரியுமா? துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்த நீரிலிருந்து. கடுக்காய் ஊறிய துணியில் பட்டதும் அது கருக்கிறது. சித்தூர்ச் சீமையில் வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. துருப்பிடித்த இரும்பு எந்த டிராக்டர் ஒர்க்ஷாப்பின் மூலையிலும் குவிந்து கிடக்கிறது.

ராமன் வரைகிற பேனாவால் ரேடியேட்டர் வரைவதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். கங்கா தேவியை அவர்கள் நினைத்துக்கொள்வது நல்லது. திருமணச் சுவர்களில் வரையும் மதுபனிக் கோடுகளோடு வளர்ந்த அந்தப் பெண்மணி 1980களில் அமெரிக்கா போய் வந்தார். அங்கே கண்ட ரோலர் கோஸ்டரை அதே கோடுகளில் வரைந்தார். மரபு குலைந்துவிடவில்லை, அது ஒரு ரோலர் கோஸ்டரையும் தாங்கும் என்பது தெரியவந்தது.

டிராக்டரை வெளிநாடுகள் கொண்டாடிய விதம் வேறு. சீனா 1960-ல் வடிவமைத்த ஒரு யுவான் நோட்டில் டிராக்டர் ஓட்டும் பெண்ணைப் போட்டது. சோவியத் ஓவியர் அர்காடி பிளாஸ்தவ் 1951-ல் ‘டிராக்டர் ஓட்டிகளின் இரவு உணவு’ என்று ஒரு படம் வரைந்தார். உழுத நிலத்தில் ஒரு பெண் பால் ஊற்றுகிறாள், களைத்துப்போனவர் உணவுக்குக் காத்திருக்கிறார், டிராக்டர் பின்னால் நிற்கிறது. எத்தனையோ பிரசார டிராக்டர்கள் மறந்துபோன பின்பும் இது நிற்பதற்குக் காரணம், வண்டியைவிட வேலை செய்தவரின் பசி பெரிதாகத் தெரிவதுதான். நம்மூரில் ‘மதர் இந்தியா’ (1957) டிராக்டர்களோடுதான் தொடங்குகிறது. ஆனால் சுவரொட்டியில் இடம் பிடித்தது நர்கிஸின் தோளில் இருந்த கலப்பை.

கிராமங்களில் டிராக்டரோடு நெருங்கிப் பழகிய ஓவியர்கள் இருக்கத்தான் செய்தார்கள். டிரெய்லரின் பின்பலகையில் பிள்ளைகளின் பெயர், குலதெய்வம், தாமரை, இரண்டு கிளி எல்லாவற்றையும் எனாமலில் எழுதியவர்கள். பெயிண்டர் என்று அழைக்கப்பட்டதால் அவர்களுக்கும் தாங்கள் ஓவியர்கள் என்பது தெரியாமலே போயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமும் ஃப்ளெக்ஸும் வந்தன. பிரஷ் பிடித்தவர்களில் பலர் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டார்கள். பிசிறில்லாமல் நீளக்கோடு இழுக்கும் கை அவர்களில் இன்னும் சிலருக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டால் எந்த ஓவியப் புத்தகத்திலும் இல்லாத பாடம் கிடைக்கும்.

வரைய நினைப்பவர் சீக்கிரம் தொடங்க இன்னொரு காரணமும் உண்டு. சத்யவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் பல ஆயிரம் ஏக்கரில் 2008-லிருந்து ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழுந்திருக்கிறது. சென்னை மெட்ரோவின் ரயில் பெட்டிகள் அங்கே தயாராயின. இசுஸு வண்டிகள் 2016 முதல் வருகின்றன, கொபெல்கோ மண்வாரி இயந்திரங்களும் செய்யப்படுகின்றன. அதைக் குறை சொல்லி என்ன பயன்? பல வீடுகளில் மாதச் சம்பளம் என்பதே அதற்குப் பிறகு வந்ததுதான். டிராக்டர்களும் ஒரேயடியாக மறையவில்லை. ஐந்து கலப்பையைக் கழற்றி வைத்துவிட்டு மணலும் செங்கல்லும் தண்ணீர் டேங்கும் இழுக்கின்றன. முன்பு பின்புறம் மேலும் கீழும் இறங்கிய ஹைட்ராலிக் கைகள் இப்போது சும்மா தொங்குகின்றன. உழுகிற டிராக்டரைப் பார்த்து வரைய இன்னும் எத்தனை வயல் மிஞ்சும் என்பதை ரியல் எஸ்டேட் போர்டுகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஓடும் டிராக்டரை வரைய முடியாது, உழும்போது பக்கத்தில் போகவும் கூடாது. அதனால் ஒர்க்ஷாப்தான் சரியான இடம். கிளட்ச் பிளேட் தேய்ந்த வண்டி வருகிற நாளாகப் பார்த்துப் போகவேண்டும். சேசிஸ் இல்லாததால் கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் மரக்கட்டை முட்டுக் கொடுத்து இழுத்து வைத்திருப்பார்கள். இரு சக்கரத்தோடு ஓர் எஞ்சின் ஒரு பக்கம், இரு சக்கரத்தோடு ஒரு சீட் மறுபக்கம், இடையில் மெக்கானிக்கின் டீ கிளாஸ். பிளேட் வாங்க ஆள் போயிருக்கும். அவர் திரும்பி வருவதற்குள் படத்தை முடித்துவிடலாம்.