பட்டாசுக்குத் தடை, பொய்க்கு இல்லை

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ‘டமார்’ என்று சத்தம் கேட்டால், எந்தப் பக்கம் புகை எழுகிறது என்று பார்த்துவிட்டு, அங்கே வேலைக்குப் போனவருக்குப் போன் அடிப்பார்கள். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊரில் தகவல் தாமதமானால் வதந்திதான் முந்திக்கொள்ளும்.

2025 மே மாதம், பாகிஸ்தானுக்கு எதிரான ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில், அந்த ஊர்ச் சரக்கின் மீதே ஓர் உத்தரவு பாய்ந்தது. சண்டிகரில் பட்டாசு வெடிக்கத் தடை. மும்பையில் மே 11 முதல் ஜூன் 9 வரை தடை. கல்யாண வெடியைக் குண்டென்று நினைத்து ஜனங்கள் மிரண்டுவிடக் கூடாதே! தொலைக்காட்சிகள் நிகழ்ச்சிகளில் அபாயச் சங்கொலியைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் மத்திய அரசு கேட்டுக்கொண்டது. இரண்டும் நியாயமே.

ஆனால் மே 8 இரவு, கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தகர்த்துவிட்டதாகப் பல சேனல்கள் முழங்கினவே, அதை யார் தடுத்தார்கள்? கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாக்கத் தயார் நிலையில் இருந்ததாக மட்டுமே மே 11 அன்று கடற்படை சொன்னது. இதற்கிடையே எக்ஸ் தளத்தில் 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க உத்தரவு போயிருந்தது. ரஃபேல் விமானம் பற்றிய ஒரு செய்திக்காக ‘தி வயர்’ தளம் மே 9 அன்று முடக்கப்பட்டது. அந்தச் செய்தியை எடுத்த பிறகே தளம் மீண்டும் திறந்தது.

அந்த மோதலில் போர் விமானங்களை இழந்தது உண்மைதான் என்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் மே 31 அன்று ஒப்புக்கொண்டார். எங்கே? சிங்கப்பூரில், வெளிநாட்டு ஊடகத்திடம். எத்தனை விமானங்கள் என்று அப்போதும் சொல்லவில்லை. நம் வரிப்பணத்தில் வாங்கிய விமானத்தின் கதி நமக்கு அந்நிய மண்ணிலிருந்து வந்து சேர்ந்தது.

படை நகர்வை நேரலையில் காட்டக் கூடாது என்பதில் மறுபேச்சு இல்லை. 2008 மும்பைத் தாக்குதலின்போது சேனல்கள் செய்த கூத்தை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. எதிரிக்குத் தெரியக் கூடாததை மறைப்பது வேறு, எதிரிக்குத் தெரிந்ததைச் சொந்த மக்களிடம் மறைப்பது வேறு.

இரண்டாவது வகை எங்கே கொண்டுபோய் விடும் என்பது தமிழர்களுக்குத் தெரியும். 2009-இல் வன்னிப் போர்முனைக்குள் சுதந்திரமான செய்தியாளர்களை இலங்கை அரசு விடவில்லை. அந்த ஜனவரியில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். ஆகஸ்டில், எழுதியதற்காகப் பத்திரிகையாளர் ஜெ.எஸ். திசைநாயகத்துக்கு 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. வன்னியில் இறந்தவர்களின் எண்ணிக்கை இன்னும் சர்ச்சையில்தான் இருக்கிறது.

இணையதளங்களை முடக்கும் உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் தடை விதிகளின் 16-ஆவது விதி. நாடாளுமன்றத்தில் முதலில் அதைத் திருத்தச் சொல்லி நம் எம்.பி.க்கள் குரல் கொடுக்க வேண்டும்.