இடிப்பது திருப்பணியா?

நம் ஊர்களில் இப்போது ஒரு விசித்திரமான போட்டி நடைபெற்று வருகிறது. எவ்வூர்ப் பள்ளியின் மினாரா உயரமானது, எவ்வூர்ப் பள்ளியின் குப்பா பெரியது என்பதே அப்போட்டி. இதில் முதற்பலியாவது முன்னோர் கல்லில் எழுப்பித் தந்த பழைய பள்ளிவாசல். ஒரு ஜும்ஆவில் அறிவிப்பு. அடுத்த மாதம் நன்கொடைப் பட்டியல். அதற்கடுத்த மாதம் கடப்பாரை. பல தலைமுறைகள் நின்ற தூண்கள் சில நாட்களில் சாய்ந்துவிடுகின்றன. இதற்குத் 'திருப்பணி' என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம்!

சாய்வது இன்னதென்று நாம் அறிந்திருக்கிறோமா? கீழக்கரை ஜும்ஆப் பள்ளியைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் கொடையால் எழுந்ததென்று வழங்கப்படும் அப்பள்ளியின் தூணும் போதிகையும் தமிழகத்துக் கற்றச்சரின் கைவண்ணம். உருவங்களைத் தவிர்த்து, பூவும் கொடியும் கோலமுமாக அவர்கள் செதுக்கித் தந்தார்கள். தீனில் முஸ்லிம்களாகவும் மண்ணில் தமிழர்களாகவும் ஒருசேர வாழ்ந்தோம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? திருச்சிக் கோட்டை இரயில் நிலையத்தருகேயுள்ள சிறிய கல்லுப்பள்ளியின் கல்வெட்டு ஹிஜ்ரி 116 என்னும் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. நம்மை 'நேற்று வந்தவர்கள்' என்போருக்கு இக்கற்களே மறுமொழி. அவற்றைப் பிறர் இடித்தால் கண்டன ஊர்வலம் போகிறோம்; நாமே இடித்தால் விருந்து வைக்கிறோம்!

பாண்டியர் காலத்தில் பவித்திரமாணிக்கப்பட்டினத்துப் பிழார்ப்பள்ளிக்கு அரசன் வரிக்கொடை வழங்கினான். இச்செய்தி நமக்கு எங்கிருந்து கிடைத்தது? திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் கல்வெட்டிலிருந்து! நம் பள்ளியின் வரலாற்றைக் கோயிற் சுவர் காத்துத் தந்திருக்கிறது. நம் சுவர்களிலுள்ள எழுத்துகளின்மேல் நாமோ எனாமல் வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறோம்.

"தொழுவதற்கு இடம் போதவில்லையே, என்ன செய்வது?" என்பர். நியாயமான கேள்விதான். கொடுங்கல்லூர் சேரமான் பள்ளிக்கும் இதே நெருக்கடி வந்தது. 1974 முதல் கான்கிரீட் கூடங்களைச் சேர்த்துப் பழம்பள்ளியை மறைத்தார்கள். பின்னர் முசிறிஸ் மரபுத் திட்டத்தின்கீழ் அவற்றை அகற்றி, தேவையான இடத்தை நிலத்துக்கடியில் அமைத்து, பழைய தோற்றத்தை மீட்டார்கள். மலையாளத்துச் சகோதரர்களுக்கு இயன்றது நமக்கு மட்டும் இயலாதா?

"மஸ்ஜிதுன் நபவியே விரிவாக்கப்படவில்லையா?" என்பாரும் உளர். ஆம், உமர் (ரலி), உதுமான் (ரலி) ஆகியோர் தேவை கருதி விரிவாக்கினார்கள். ஆனால் 1951இல் தொடங்கிய விரிவாக்கத்தின்போதும், துருக்கியர் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய தென்புறத் தொழுகைக்கூடம் அப்படியே நிறுத்தப்பட்டது என்பதையும் அவர்கள் சொல்லட்டும்!

"கல்லைப் போற்றுவது மார்க்கமா?" என்பது மூன்றாவது கேள்வி. கல்லை எவரும் வணங்கச் சொல்லவில்லை. வக்ஃபு என்றால் என்ன? மூலப்பொருளை நிறுத்திவைத்து அதன் பயனை அறத்துக்கு வழங்குவது. வக்ஃபின் வருமானத்தில் முதற்செலவு அதன் பராமரிப்பே என்று ஹனஃபி ஃபிக்ஹு நூலான 'ஹிதாயா' தீர்ப்பளிக்கிறது. அதை வக்ஃபு செய்தவர் நிபந்தனையாகக் கூறாவிடினும் சரியே. ஆகவே பராமரிப்பை விட்டுவிட்டு, பழுதாயிற்று என்று இடிக்கும் முதவல்லி அமானிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரேயாவார்.

கட்டடம் ஒரே நாளில் பழுதாவதில்லை. மேல்தளத்து நீர்த்தூம்பு அடைபடுகிறது. கல்லிடுக்கில் அரசங்கன்று முளைக்கிறது. அதைப் பிடுங்க ஆளில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிவிட்டு மூச்சு விடுவது. அதன்மேல் சிமெண்டைப் பூசியதும் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கிறது. பிறகு, "சுவர் உளுத்துவிட்டது, இடியுங்கள்" என்கிறோம். நோயை உண்டாக்கியவனே மரணச் சான்றும் எழுதுகிறான்!

ஊர்தோறும் ஒரு வரலாற்றுக் கழகம் அமைய வேண்டும். ஜமாஅத்தின் ஒப்புதலோடு ஓர் ஆலிம், ஒரு பொறியாளர், சுண்ணாம்பு வேலையறிந்த ஒரு கொத்தனார், ஓர் ஆசிரியர், ஊர்க்கதை அறிந்த பெண்மணிகள் ஆகியோர் அதில் இடம்பெறட்டும். பள்ளி, மதரஸா, தைக்கா, பழைய வீடு ஒவ்வொன்றையும் அளந்து வரைபடமாக்கட்டும், கல்வெட்டுகளைப் படியெடுக்கட்டும், ஒவ்வோராண்டும் ஐப்பசி மழைக்கு முன் மேல்தளத்தைப் பார்வையிடட்டும். ஊர் எவ்வளவு பெருகும், எந்த மனையில் புதிய கூடம் கட்டலாம் என்று இருபதாண்டுத் திட்டம் இன்றே வகுக்கட்டும். திட்டமில்லாத ஊரில்தான் கடப்பாரைக்கு வேலை வருகிறது.

சமுதாயப் பெரியோர்களே! மினாரா எழுப்ப இலட்சங்களை அள்ளித் தரும் கைகள், தூம்பு துப்புரவாக்கச் சில ஆயிரங்களைத் தர ஏன் தயங்குகின்றன? மினாராவில் பெயர் பொறிக்கலாம். தூம்பில் பொறிக்க முடியாது என்பதாலா? பெயர் தெரியாத முன்னோர்தாம் நமக்கு இப்பள்ளிகளைத் தந்து சென்றார்கள். அவர்களுடைய அமானிதத்தைப் பேணும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.